ஆளில்லாத படம்

ஃபெஸ் நகரத்துக்கு நான் போய் வந்தனான் எண்டு ஆரிட்டையாவது சொன்னால், பக்கத்தில இருந்து இவர் கொடுப்புக்குள்ள சிரிப்பார். இவர் எண்டால் என்ர மனிசன். அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்கு இண்டைக்கும் விசர் ஏறும். போனது உண்மை. அந்த ஊர் ஒழுங்கையளுக்குள்ள நடந்து நடந்து குதிக்கால் வெடிச்சதும் உண்மை. ஆனால் அந்த ஊரைப் பாத்தனோ எண்டு கேட்டால், அதுக்கு இந்தக் கதையை முழுக்கச் சொல்லவேணும்.

எழுபதுகளின்ர நடுப்பகுதி. மெல்பேர்ணில, நோபல் பார்க்கில, ஒரு பலகை வீட்டில நாங்கள் வாடகைக்கு இருந்தனாங்கள். இவருக்கு ஒரு தொழிற்சாலையில எஞ்சினியர் வேலை, எனக்கு ஒரு ஆஸ்பத்திரியில ரைப் அடிக்கிற வேலை. பிள்ளையள் அப்ப இல்லை. சனிக்கிழமை மத்தியானத்தோட கடையெல்லாத்தையும் இழுத்துப் பூட்டிப்போடுவாங்கள். பிறகு திங்கள் விடியுமட்டும் தெருவில ஒரு குஞ்சு குருமான் இராது. அப்பிடியான ஒரு சனி ஞாயிறைத் தள்ளுறதுக்காக லைபிரரியில எடுத்து வந்த புத்தகத்திலதான் நான் அந்தப் படத்தைக் கண்டனான்.

இரண்டு பக்கத்துக்கும் விரிஞ்சு கிடந்த படம். மொரோக்கோவில ஃபெஸ் எண்ட பழைய நகரம். அதின்ர சந்தைக்கு நடுவில தோலுக்குச் சாயம் போடுற இடம். மேல இருந்து எடுத்திருந்தாங்கள். வட்டம் வட்டமா, தேன்வதை மாதிரி நெருக்கிக் கட்டின தொட்டியள். ஒண்டில வெள்ளை, ஒண்டில குங்குமச் சிவப்பு, ஒண்டில மஞ்சள், ஒண்டில என்ன நிறமெண்டே சொல்ல ஏலாத ஒரு கபிலம். ஆம்பிளையள் தொடை மட்டும் சாயத்துக்குள்ள இறங்கி நிண்டு தோலை உழக்கினம். அந்தப் புத்தகத்தை நான் திருப்பித் திருப்பிப் பதிஞ்சு எடுத்தபடியால், லைபிரரியில இருந்த வெள்ளைக்காரி என்னைக் கண்ட உடனயே அதைத் தூக்கி மேசையில வைக்கத் தொடங்கிட்டாள்.

ஏன் அந்த ஊர் எண்டு இவர் கேட்டவர். எனக்குச் சொல்லத் தெரிஞ்சது ஒண்டுதான். நான் பிறந்ததில இருந்து போன பயணமெல்லாம் ஆற்றையோ வீட்டுக்கு. கலியாண வீடு, செத்த வீடு, பிள்ளை பெத்த வீடு. கொழும்பு எண்டால் மாமா வீடு, கண்டி எண்டால் பெரியம்மா வீடு. கண்டியில நான் பாத்தது பெரியம்மான்ர குசினி. ஒஸ்ரேலியாவுக்கு வந்தும் அந்தக் கோதாரி விடேல்லை. சிட்னியைப் பாக்கப் போறம் எண்டு வெளிக்கிட்டு, கிரவீன் எண்ட புறநகரில இவற்ற ஒண்டுவிட்ட தம்பி வீட்டில இருந்து சீட்டுக் கடுதாசி விளையாடிப்போட்டுத் திரும்பி வந்தம். பேர்போன துறைமுகப் பாலத்தைக் காரால தாண்டேக்க "உதுதான் பாலம்" எண்டு காட்டிச்சினம். நான் திரும்பிப் பாக்கிறதுக்குள்ள பாலம் முடிஞ்சுது.

சொந்தக்காரர் ஒருத்தர்கூட இல்லாத ஒரு ஊருக்கு, ஒருத்தருக்கும் பார்சல் காவாமல், கண்ணால பாக்கிறதுக்கு மட்டும் ஒருக்காப் போகவேணும். அந்தத் தொட்டியளை மேல நிண்டு பாக்கவேணும். அவ்வளவுதான் கேட்டனான். இது என்ன பெரிய ஆசையோ?

அந்த நேரம் பாத்து லண்டனில இவற்ற தங்கச்சிக்குக் கலியாணம் சரிவந்துது. நான் ஒற்றைக்கால்ல நிண்டன்.

"கலியாணம் முடிஞ்சு வாற வழியில ஃபெஸ்ஸுக்குப் போட்டு வருவம்."

"வாற வழியோ? நீர் உலகப் படத்தைத் தலைகீழாப் பிடிச்சிருக்கிறீர் போல. அங்க ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"பேந்து ஏன் போவான்?"

"ஒருத்தரும் இல்லை எண்டபடியால்தான்!"

இவருக்கு அது கடைசிமட்டும் விளங்கேல்லை. ஆனால் நான் சமைக்கிறதையும் கதைச்சுப் பறையிறதையும் கொஞ்ச நாளைக்குக் குறைச்ச உடன ஓமெண்டார். மூண்டு நாள்தான், அதுக்கு மேல லீவு இல்லை எண்டார். மூண்டு நாள் எனக்குப் போதும். இதை விட்டால் இனி இந்தப் பக்கம் வரப்போறதில்லை எண்டும் எனக்குத் தெரியும்.

வெளிக்கிடுற அண்டு சூட்கேஸ் பூட்டமாட்டன் எண்டு நிண்டுது. லண்டனில இருக்கிற தன்ர பேரப்பிள்ளைக்குக் குடுக்கச் சொல்லி ஒரு அன்ரி பெரிய கொவாலா பொம்மை ஒண்டு தந்தவ. அது என்ர கைப்பைக்குள்ளதான் போகும் எண்டு இவர் முடிவெடுத்து, பையில இருந்ததுகளை வெளியில எடுத்து வைச்சார். அதில ஒண்டு என்ர பழைய மூக்குக்கண்ணாடி. எனக்குச் சின்ன வயசிலயே கண் மோசம். கண்ணாடி இல்லாட்டி நீட்டின கையில விரல் எத்தினை எண்டு தெரியாது. "அது என்ர ஸ்பெயார் எல்லே, வையுங்கோ" எண்டன். "போட்டிருக்கிறதுக்கு என்ன குறை? ஆளுக்கு இரண்டு கண், இரண்டு கண்ணாடி எதுக்கு?" எண்டு பகிடி விட்டார். கொவாலா போச்சுது. கண்ணாடி மெல்பேர்ணில, மேசை லாச்சிக்குள்ள கிடந்துது.

லண்டனில கலியாணம் முடிய, ஃபெஸ்ஸுக்கு ஒரு புதன் பின்னேரம் போய்ச் சேந்தம். வியாழன் விடிய, பழைய நகரத்தின்ர நீல வாசலுக்குள்ளால உள்ளிட்டம். உள்ளிட்டு ஒரு அரை மணித்தியாலம் இருக்குமோ என்னவோ, நான் அந்த ஊரை வடிவாப் பாத்தது அந்த நேரம் மட்டும்தான். அதால அதை மறக்கேல்லை. இரண்டு பேர் உரசாமல் போக ஏலாத ஒழுங்கை. மேல மூங்கில் தட்டி போட்டிருந்தாங்கள், வெயில் கீத்துக் கீத்தா விழுந்துது. ஒலிவங்காயைக் கும்பமாக் குவிச்சு வைச்சிருந்த ஒரு கடை. சீப்புக் கடையில ஒருத்தர் மாட்டுக் கொம்பைக் காலால பிடிச்சுக்கொண்டு அராவினார். எனக்குச் சந்தோசத்தில நடை பிந்திச்சுது. இவர் முன்னால போய் நிண்டு "வாரும், வாரும், நீல வாசலில ஒரு படமும் எடுக்கேல்லை, திரும்பிப் போகேக்க எடுக்கவேணும்" எண்டு கத்திக்கொண்டிருந்தார். சிங்கப்பூரில இறங்கேக்க வாங்கின கமெரா அவற்ற கழுத்தில தொங்கிச்சுது.

அந்த ஒழுங்கையளுக்குள்ள கார் வராது. சாமான் காவுறது கோவேறு கழுதையள். கழுதைக்காரர் வரேக்க "பாலாக்! பாலாக்!" எண்டு கத்துவினம். விலகு எண்டு அர்த்தமாம். அது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். முதல் தரம் கேட்ட உடன இவர் ஒழுங்கை நடுவில அப்பிடியே நிண்டிட்டார்.

"இஞ்சாரும்! ஆரோ பாலாவைக் கூப்பிடுது!"

எங்கட ஆக்களில பாதிப் பேருக்கு வீட்டுப் பேர் பாலா. மெல்பேர்ணில மட்டும் எங்களுக்குத் தெரிஞ்ச பாலாமார் நாலைஞ்சு பேர்.

"இஞ்ச ஏன் பாலா வாறார்? பேசாமல் நடவுங்கோ."

"இல்லையப்பா, எங்கட ஆள் ஆரோ நிக்குது. வடிவாக் கேளும்." மனிசனுக்கு முகமெல்லாம் பல்லு. லண்டனில எங்கட ஆக்களை விட்டு வெளிக்கிட்டு இரண்டு நாள் ஆகேல்லை, அதுக்குள்ள ஒரு பாலாவைக் கண்டுபிடிக்க அவ்வளவு அவதி. என்ர கையைப் பிடிச்சு மறிச்சு வைச்சுக்கொண்டு, நுனிக்கால்ல நிண்டு, சனத்துக்கு மேலால எட்டிப் பாக்கிறார். சத்தம் கிட்ட வந்துது. "பாலாக்! பாலாக்!"

"ஓம்! இஞ்ச! இஞ்ச!" எண்டு கையைத் தூக்கி ஆட்டினார்.

வந்தது கழுதை. இரண்டு பக்கமும் ஈரத்தோலை மலை மாதிரிக் கட்டித் தொங்கவிட்டிருந்துது. இவர் ஒரு பக்கம் பாய்ஞ்சார், நான் மற்றப் பக்கம் சுவரோட போய் மோதினன். தோல்கட்டு என்ர முகத்தில உராஞ்சு போச்சுது. கண்ணாடி பறந்துது. கழுதையின்ர பின்னங்கால் அதுக்கு மேல ஏறி நசிச்ச சத்தம் எனக்கு நல்லாக் கேட்டுது.

இவர் குனிஞ்சு பொறுக்கித் தந்தார். ஒரு வில்லை தூள். மற்ற வில்லை தண்ணி ஓடுற கானுக்குள்ள போட்டுது. ஃபிறேம் மட்டும் கோணிப்போய்க் கையில. "பாலா இல்லையப்பா" எண்டார், மெதுவா. நான் அந்த இடத்தில அழுதிருப்பன், ஆனால் அழுகையை விடக் கோபம் முன்னுக்கு வந்திட்டுது. சொந்தக்காரர் இல்லாத ஊர் எண்டு தேடிப் பிடிச்சு வந்தால், அங்கயும் ஒரு இல்லாத பாலா வந்து என்ர கண்ணைப் பறிச்சுக்கொண்டு போறார்!

நீல வாசலடியில கண்ணாடிக் கடை ஒண்டு இருந்துது. கடைக்காரர் வயசான ஆள் எண்டது குரலில விளங்கிச்சுது. எங்களுக்குப் பிரெஞ்சும் தெரியாது, அரபும் தெரியாது. அவருக்கு இங்கிலிசு தெரியாது. கையாலதான் கதை. என்ர ஃபிறேமை வாங்கித் தடவிப் பாத்தார். பிறகு கண் சோதிக்கிற பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு வில்லையா என்ர கண்ணுக்கு முன்னால பிடிச்சார். முதலாவது சரியில்லை. அடுத்ததும் சரியில்லை. பிறகு ஒண்டைப் பிடிச்சார் பாருங்கோ, முன்னால இருந்த கதவில அடிச்சிருந்த பித்தளை ஆணியள் ஒவ்வொண்டும் தனித்தனியாத் தெரிஞ்சுது. கடைக்காரற்ற தாடி தெரிஞ்சுது. இவற்ற முழி தெரிஞ்சுது. "இதுதான்! இதுதான்!" எண்டு நான் கத்தினன். அவர் வில்லையை எடுத்துத் திரும்பப் பெட்டிக்குள்ள வைச்சு மூடினார். அது சோதிக்கிற வில்லை, அதைத் தரமாட்டார். நான் கேட்டுப் பாத்தனான், சிரிச்சார்.

ஆனால் லாச்சியுக்குள்ள இருந்து அதே மாதிரிப் பெரிய வில்லை இரண்டை எடுத்துக் காட்டினார். இதை வெட்டி, உங்கட ஃபிறேமுக்கு அளவா அராவி, பின்னேரம் தரட்டோ எண்டு கையாலயே கேட்டார். சூரியன் இறங்கிறதைக்கூடக் கையால காட்டினார். கேட்டது இவரிட்ட. ஆம்பிளையிட்டத்தானே கேக்கவேணும்.

இவர் தலையை ஆட்டினார். எங்கட ஆக்கள் ஆட்டுற மாதிரி, வலப்பக்கமும் இடப்பக்கமுமா, சந்தோசமா. "செய்யுங்கோ, செய்யுங்கோ, ஒரு பிரச்சினையும் இல்லை" எண்டு தமிழிலயும் சொன்னார்.

சரி, பின்னேரம் மட்டும்தானே எண்டு நான் பல்லைக் கடிச்சுக்கொண்டன். தோல் சாயம் போடுற இடத்துக்கு இப்ப போகவேண்டாம், கண்ணாடி வந்த பிறகுதான் அதைப் பாப்பன் எண்டு கண்டிப்பாச் சொல்லிப்போட்டன். மற்ற இடமெல்லாம் இவற்ற முழங்கையைப் பிடிச்சுக்கொண்டு நடந்தன். கண்ணைக் கட்டிக் காட்டில விட்டது எண்டு சொல்லுவினம். எனக்குக் கட்டாமலே விட்டமாதிரி. செம்புப் பாத்திரம் அடிக்கிற சத்தம் காது கிழியக் கேட்டுது. ஏதோ பொரியிற வாசம் வந்துது. ஆரோ என்ர கைக்குள்ள சூடான புதினாத் தேத்தண்ணியைத் திணிச்சினம். எல்லாம் கலங்கல்.

"முன்னால என்ன கிடக்கு?" எண்டு கேப்பன்.

"கதவு."

"என்ன மாதிரிக் கதவு?"

"கதவுதான். பெரிசு."

"வேலைப்பாடு இருக்கோ?"

"கிடக்கு. நிறையக் கிடக்கு. சரி, அதுக்கு முன்னால போய் நில்லும்."

எனக்குப் பாக்கக் கண் இல்லை. கண் இருக்கிற மனிசனுக்குச் சொல்ல வாய் இல்லை. கதவு, சுவர், கடை, ஆக்கள். இந்த நாலு சொல்லுக்குள்ள அந்த ஊரை முடிச்சுப்போட்டார். ஆனால் படத்துக்கு நில் எண்டு சொல்லுறதுக்கு மட்டும் வாய் ஓயேல்லை. "கொஞ்சம் இந்தப் பக்கம். நடுவில வாரும். தலையை நிமித்தும். சிரியும். இஞ்ச, இஞ்ச பாரும்!" எங்க பாக்கிறது? சத்தம் வாற பக்கம் பாத்துச் சிரிச்சன்.

"கதவைத் தனிய எடுங்கோவன். நான் பிறகு படத்திலயாவது பாப்பன்" எண்டு ஒருக்காக் கெஞ்சினன்.

"ஆளில்லாமல் படம் எடுத்தால் ஃபிலிம் வீண். நாளைக்கு உம்மட அம்மாவுக்குக் காட்டினால் மனிசி என்ன கேக்கும்? எங்க என்ர பிள்ளை எண்டுதானே கேக்கும்? கதவையே பாத்துக்கொண்டிருக்கும்?"

எங்கட வீடுகளில அப்பிடித்தான். ஆளில்லாத படத்தை ஒருத்தரும் கையில வாங்கிப் பாக்கமாட்டினம்.

வெயில் சாய முந்தியே நான் இவரை இழுத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனன். கடைக்காரர் ஒரு சின்னக் கடுதாசிச் சுருளை எடுத்து மேசையில வைச்சார். பிரிச்சுத் தடவினன். என்ர ஃபிறேம். கோணல் நிமித்திக் கிடந்துது. வில்லை இருக்கவேண்டிய இடத்துக்குள்ளால என்ர விரல் அந்தப் பக்கம் போச்சுது.

"எங்க கண்ணாடி? வெட்டேல்லையோ?" எண்டு இவர் கத்தினார். கடைக்காரரும் சத்தம் போட்டார். பிறகு இவரைக் காட்டி, தன்ர தலையை வலமும் இடமுமா ஆட்டிக் காட்டினார். இவர் காலமை ஆட்டினதைப் போலவே, அச்சொட்டா. ஆட்டிப்போட்டு விரலையும் ஆட்டினார். எனக்குக் கண் தெரியாட்டியும் அது விளங்கிச்சுது. அந்த ஊரில தலையை அப்பிடி ஆட்டினால் வேண்டாம் எண்டு அர்த்தம்.

"நான் ஓமெண்டெல்லே ஆட்டினனான்!" எண்டார் இவர்.

"ஆருக்கு ஆட்டினீங்கள்? கொழும்பில பஸ் கொண்டக்டருக்கோ?"

இப்ப வெட்டித் தரச் சொல்லி நான் கடைக்காரற்ற கால்ல விழாத குறை. மணித்தியாலக் கணக்கா வேலை எண்டு காட்டினார். நாளைக்கு எண்டன். வானத்தைக் காட்டி, கையை விரிச்சுத் தொழுது காட்டினார். வெள்ளிக்கிழமை. சந்தை முழுக்கப் பூட்டு. சனிக்கிழமை வாங்கோ எண்டார். சனிக்கிழமை விடிய எங்களுக்கு ரயில். உண்மையாத்தான் அந்தாளுக்கும் பாவமாப் போச்சுது. என்ர உச்சந்தலையில கையை வைச்சு என்னவோ சொல்லிப்போட்டு, பலகையைப் போட்டுக் கடையைப் பூட்டினார்.

வெள்ளிக்கிழமை எண்டால் சாயத் தொட்டியிலயும் ஆக்கள் இருக்கமாட்டினம். அப்ப இண்டைக்கு, இப்பவே போகவேணும். ஓட்டமும் நடையுமாப் போனம். ஒரு தோல் கடைக்குள்ளால ஏறி, படி படியாத் தடவித் தடவி மொட்டை மாடிக்குப் போனால், அப்பிடியொரு நாத்தம். புறா எச்சமும் சுண்ணாம்பும் ஊறின நாத்தமாம். மூக்குக்குப் பிடிக்கச் சொல்லி ஒருத்தன் புதினாக் கட்டொண்டு தந்தான். கைபிடிச் சுவரைப் பிடிச்சுக்கொண்டு கீழ பாத்தன். நான் வருசக் கணக்காப் பாக்க ஆசைப்பட்ட இடம் அங்க, காலுக்குக் கீழ கிடந்துது. தண்ணி அளையிற சத்தம் கேட்டுது. ஆக்கள் கூப்பிட்டுக் கதைக்கிறது கேட்டுது. கண்ணுக்குத் தெரிஞ்சது ஒரு கபில நிறப் பனிப்புகார். கண்ணைச் சுருக்கினன், பெருவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாப் பிடிச்சு அதுக்குள்ளால பாத்தன். ஒரு மண்ணும் தெரியேல்லை.

"என்ன கிடக்கு? சொல்லுங்கோ. தயவு செய்து சொல்லுங்கோ."

"தொட்டி கிடக்கு."

"என்ன நிறம்?"

"நிறம் நிறமாக் கிடக்கு."

அப்பதான் எனக்கு அழுகை வந்துது. மூக்கில புதினாவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு அழுதன். இவருக்கு வேற என்ன செய்யிறதெண்டு தெரியேல்லைப் போல, "சரி, சரி, ஒரு படம் எடுப்பம். சுவரில சாயும். நடுவில" எண்டார். எடுத்தார். எடுத்து முடிய, "என்னையும் ஒண்டு எடும். நான் ஒரு படத்திலயும் இல்லை" எண்டு கமெராவை என்ர கையில தந்தார்.

"எனக்கு உங்களைத் தெரியேல்லை."

"சத்தம் வாற பக்கம் பிடியும்."

கமெராவில எதைத் திருப்பினன், எதை அமத்தினன் எண்டு எனக்குத் தெரியாது. சத்தம் வந்த பக்கம் பிடிச்சு, கோபத்தில ஒரு அமத்து அமத்தினன்.

வெள்ளிக்கிழமை முழுக்கப் பூட்டின கடையளுக்கு முன்னால நடந்தம். பூட்டின கடையளுக்கு முன்னாலயும் என்னை நிக்க வைச்சுப் படம் எடுத்தார். சனிக்கிழமை விடிய வெளிக்கிட்டம்.

மெல்பேர்ணுக்கு வந்து லாச்சியுக்குள்ள இருந்த பழைய கண்ணாடியைப் போட்ட உடன முதல் தெரிஞ்சது எங்கட குசினிச் சுவரில இருந்த எண்ணைப் பிசுக்கு. ஆனாலும் எனக்கொரு நம்பிக்கை இருந்துது. ஸ்லைட்டுகள் கழுவப் போயிருந்துது. அந்த நாளில ஒஸ்ரேலியாவில ஆர் பயணம் போய் வந்தாலும், ஆக்களைக் கூப்பிட்டு, லைட்டை நூத்து, சுவரில ஸ்லைட் போட்டுக் காட்டுறது ஒரு வழக்கம். எத்தினை வெள்ளைக்காரற்ற வீடுகளில எத்தினை மலையும் மாடும் பாத்து நான் கொட்டாவி விட்டிருப்பன்! இப்ப எங்கட முறை. பெட்டி தபாலில வந்த உடன இவர் ஒவ்வொண்டா எடுத்து யன்னல் வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தார். நான் பாக்கேல்லை. நகத்தளவில பாத்துப் பாழாக்க எனக்கு விருப்பமில்லை. சுவரளவில பாப்பன் எண்டு காத்திருந்தன். தொட்டியளை அப்பிடியாவது பாத்திடலாம்.

இவர் வேலை செய்யிற இடத்தில ஒருத்தரிட்ட புரொஜெக்டர் இரவல் வாங்கி வந்தார். முன்னறையில வெள்ளைப் போர்வையைக் கட்டினம். யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருத்தரும் மனிசியும் ஸ்பிரிங்வேலில இருந்து வந்திச்சினம். அடுத்த தெருவில இருந்து, மெட்ராஸால புதுசா வந்த ஒரு இளஞ்சோடியும் வந்திச்சினம். நான் ரோல்ஸ் பொரிச்சு வைச்சிருந்தன். எல்லாருக்கும் கதிரை போட்டு, லைட்டை நூத்து, நான் குசினி வாசலில நிண்டுகொண்டன்.

முதல் படம் விழுந்துது. போர்வை முழுக்க நான்.

சீலைக்கு மேல கம்பளிச் சட்டை, காலில கன்வஸ் சப்பாத்து, நடு நெஞ்சில கைப்பை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு எங்கயோ பாத்துச் சிரிக்கிறன். பின்னால நீலமா ஒரு துண்டு தெரிஞ்சுது. அதுதான் வாசலாம்.

அடுத்தது நான். பின்னால இருந்த கதவில ஒரு மூலை. அடுத்ததும் நான். அடுத்ததும் நான். செம்புக் கடையை மறைச்சுக்கொண்டு நான். பள்ளிவாசல் முகப்பை மறைச்சுக்கொண்டு நான். பூட்டின கடைக்கு முன்னால, ஒண்டையும் மறைக்காமல் நான்.

"மெலிஞ்சிட்டீர்" எண்டா டொக்டரின்ர மனிசி. "உந்தச் சீலை கலியாணத்துக்கு எடுத்ததோ?"

"கண்ணாடி இல்லாமப் பாத்தா வேற ஆள் மாதிரி இருக்கீங்க அக்கா" எண்டா மெட்ராஸ் பிள்ளை. "ஆமா, அந்த ஊர்ல நம்மாளுங்க யாராவது இருக்காங்களா?"

"இல்லை" எண்டன்.

சாயத் தொட்டிப் படம் வந்துது. மூக்கில புதினாக் கட்டோட, அழுது வீங்கின முகத்தோட, சரியா நடுவில நான். என்ர தோளுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் சுவர், அந்தப் பக்கம் கொஞ்சம் வானம். தொட்டியள் எங்க? என்ர கம்பளிச் சட்டைக்குப் பின்னால. எனக்குக் கத்தவேணும் போல கிடந்துது. போன காசு, கிடந்த லீவு, நடந்த நடை எல்லாத்துக்கும் மிச்சம் என்ர மூஞ்சை. அதை நான் தினமும் கண்ணாடியில பாக்கிறன், அதுக்கு ஏன் ஆபிரிக்காவுக்குப் போவான்?

"இனி வாறது பழுதாப்போன படம்" எண்டு இவர் சிரிச்சார். "எறிய மறந்துபோனன். இவ என்னை எடுத்தவ."

போர்வையில ஒரு மூலையில இவற்ற தோளும் சட்டைக் கையும். கழுத்துக்கு மேல ஒண்டும் இல்லை. தோளும் புகை மாதிரிக் கலங்கல். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சினம். "தலை எங்கயப்பா? கழுதை கொண்டு போட்டுதோ?" எண்டார் டொக்டர். இவர் கிளிக் எண்டு அடுத்த படத்தை மாத்தினார்.

"திருப்பிப் போடுங்கோ" எண்டன்.

"அது சரியில்லையப்பா, ஆள் விழேல்லை..."

"திருப்பிப் போடுங்கோ எண்டு சொல்லுறன்!"

நான் கத்தினதில சிரிப்பு நிண்டுது. கிளிக் எண்டு பழைய படம் திரும்பி வந்துது.

தோள்தான் கலங்கல். அதுக்குப் பின்னால எல்லாம் ஊசி முனை மாதிரித் தெளிவு. தொட்டியள். போர்வையின்ர ஒரு கரையில இருந்து மற்றக் கரை மட்டும் தொட்டியள். வெள்ளை, சிவப்பு, மஞ்சள், அந்தச் சொல்லத் தெரியாத கபிலம். சாயந்தர வெயில் ஒவ்வொண்டிலயும் ஒவ்வொரு மாதிரிப் பட்டிருந்துது. சிவப்புத் தொட்டிக்குள்ள ஒருத்தர் தொடை மட்டும் நிண்டு, தலையை நிமித்தி, எங்கட பக்கமாப் பாக்கிறார். சுவர் விளிம்பில மஞ்சள் தோலுகளை வரிசையாக் காயப்போட்டிருக்கு. அது நான் புத்தகத்தில பாத்த படம் இல்லை. புத்தகத்தில அந்த ஆளில்லை, அந்தத் தோலில்லை. அண்டைக்கு, அந்த நேரம், என்ர காலுக்குக் கீழ கிடந்தது.

அந்தாள் என்ன செய்யிறார், கையில என்ன வைச்சிருக்கிறார் எண்டு வடிவாத் தெரியேல்லை. நான் ரோல்ஸ் தட்டை அப்பிடியே வைச்சுப்போட்டு, கதிரையளுக்கு நடுவால போய், போர்வைக்குக் கிட்ட நிண்டன். என்ர நிழல் போர்வையில விழுந்துது. பெருசா, சரியா நடுவில.

"அக்கா, கொஞ்சம் நகருங்களேன்" எண்டு பின்னால இருந்து மெட்ராஸ் பிள்ளை சொன்னா. "ஊர் மறைக்குது."

அவ்வளவு நேரமும் ஒருத்தருக்கும் மறைக்கேல்லை. நான் அசையேல்லை.

"இருங்கோ பிள்ளை" எண்டன். "நான் இன்னும் பாக்கேல்லை."